வள்ளலும் சகாய நிதியும்



இலக்கிய வட்டமொன்று தன் பத்தாவது ஆண்டை நிறைவு செய்யும் வேளையில், மாணவர்க்குப் பணம் வழங்கும் நிதியொன்றைப் பற்றிய உரை எதற்கு என்ற வினா அவையில் எழக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், தமிழில் இஸ்லாமிய இலக்கியம் வளர்ந்த வரலாற்றை அறிந்தோர்க்குக் கொடைக்கும் கவிதைக்கும் உள்ள உறவு புதிய செய்தியன்று. உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுவதற்குத் தூண்டுதலாக நின்றவர் கீழக்கரைச் சீதக்காதி வள்ளல். வள்ளல் மறைந்த பின்னர் நூல் தொடர்ந்து நடைபெற ஆதரவளித்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். காப்பியத்தின் இடையிடையே அபுல் காசிமின் பெயரைப் புலவர் நன்றியுடன் பொறித்துச் சென்றுள்ளார். கொடுத்தவர் புலவரை அறிவார். பெற்றவர் வள்ளலைப் பாடுவார். இருவருக்கும் இடையே முகமறிந்த உறவு இருந்தது. பாடப்பட்டதனால் கொடை நிலைத்தது. கொடையினால் பாட்டு நிலைத்தது.

இந்த நூற்றாண்டுகால மரபுக்குப் பக்கத்திலே வேறொரு வகைக் கொடை தோன்றியது. அதில் கொடுப்பவர் பெறுபவரைக் காண்பதில்லை. பெறுபவர் எவர் பெயரையும் பாட வேண்டியதில்லை. நடுவில் ஒரு கணக்கேடும், ஒரு செயற்குழுவும், மாதந்தோறும் அனுப்பப்படும் ஒரு சிறு தொகையும் மட்டுமே இருந்தன. 1945ஆம் ஆண்டு மே மாதம் கொழும்பில் தொடங்கப்பட்ட இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி அத்தகையது. அதைத் தோற்றுவித்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களைத் தமிழ் எழுத்தாளராக இவ்வவை நன்கறியும். நிதியின் தோற்றுநராக அறிந்தோர் குறைவு. பாடப்படாத கொடைக்கு அதுதான் கதி போலும்.

அஸீஸ் 1911 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். தந்தையார் வழக்கறிஞர். சோனகர் தெருவில் குர்ஆன் ஓதக் கற்ற பின்னர் அவர் இராமகிருஷ்ண சங்கத்தின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், அதன்பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றார். சைவப் பிள்ளைகளுக்கென்று சைவர்கள் பொருள் திரட்டி எழுப்பிய கல்லூரி ஒரு முஸ்லிம் பிள்ளையையும் படிப்பித்து அனுப்பியது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகத் தானே கட்டிய பாடசாலை எவ்வளவு வலிமை வாய்ந்தது என்பதை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை. அதன் வாங்கிலே அமர்ந்து அறிந்தார். பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு பயின்று, கேம்பிரிட்ஜுக்குச் சென்று, 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்தார். அச்சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே.

அவருக்கு முன்னரும் முயற்சிகள் நடந்தன. கண்டியில் வாழ்ந்த சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' வார இதழைத் தமிழில் தொடங்கி, ஆங்கிலக் கல்வியை அஞ்சி ஒதுங்கி நின்ற சமூகத்தோடு வாரந்தோறும் வாதாடினார். மிஷனரிப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பினால் மார்க்கம் கெடும் என்ற அச்சத்துக்கு, அனுப்பாதே என்பது விடையாகாது, நீயே பாடசாலை கட்டு என்பதே விடை என்று அவர் கண்டார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் இலங்கைக்கு வந்த அறபி பாஷா அவருக்குத் துணையானார். கட்டட ஒப்பந்தகாரரான வாப்பிச்சி மரைக்கார் பொருளும் உழைப்பும் தந்தார். 1892இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் ஸாஹிறாவின் முதல் வகுப்பு தொடங்கியது. கொழும்பு நூதனசாலையைக் கட்டி முடித்த வாப்பிச்சி மரைக்காரிடம் என்ன பரிசு வேண்டும் என்று தேசாதிபதி வினவியபோது, வெள்ளிக்கிழமைகளில் அதை மூடிவைக்க வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. கதை மெய்யோ அன்றோ, அத்தலைமுறை தனக்கென எதைக் கேட்கும், எதைக் கேளாது என்பதை அது காட்டுகிறது.

ஆனால் ஸாஹிறா இருந்தது கொழும்பில். சித்தி லெப்பை 1891இல் பெண்களுக்கெனத் தொடங்கிய பாடசாலை இருந்தது கண்டியில். கிழக்கே, மட்டக்களப்பு வாவிக்குத் தெற்கே, கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நெருங்கிக் கிடந்த முஸ்லிம் ஊர்களுக்கு இவ்விரு நகரங்களும் வெகு தூரம்.

அந்த ஊர்களுக்கு அஸீஸை அனுப்பியது கல்வித் திணைக்களமன்று, போர். 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. பர்மா வீழ்ந்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. நெல் விளையும் இடத்தில் இன்னும் நெல்லை விளைவிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் கல்முனையில் அவசரகாலக் கச்சேரியொன்று திறக்கப்பட்டது. அதற்கு உதவி அரசாங்க அதிபராக அவர் பொறுப்பேற்றார். காடு வெட்டுவதும், காணி பகிர்வதும், விதைநெல் கொடுப்பதுமே அவர்தம் கடமை. அக்கடமையை அவர் செவ்வனே செய்தார். செய்யும்போது வேறொரு பஞ்சத்தையும் கண்டார்.

கிழக்கிலங்கை முஸ்லிம் குடும்பத்தின் வாழ்க்கை முறையை அறியாமல் அப்பஞ்சத்தை விளங்கிக்கொள்ள இயலாது. அங்கு குடி தாய்வழியாக வருவது. மணமானபின் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்வான். ஆகவே ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றோர் தலைமேல் விழும் கடன். மூன்று பெண்கள் பிறந்தால் மூன்று வீடுகள். வயலில் விளைந்ததெல்லாம் சுவராகவும் கூரையாகவும் மாறிவிடும். தகப்பனின் தோள் தளரும் வேளையில் மூத்த மகனின் தோள் அதற்கு வேண்டும். ஐந்தாம் வகுப்போடு, மிஞ்சினால் எட்டாம் வகுப்போடு, அவன் புத்தகத்தைக் கட்டிவைத்துவிட்டு வரம்புக்கு இறங்குவான். இதனைச் சோம்பலென்றோ கல்வியில் வெறுப்பென்றோ வெளியிலிருந்து வந்தோர் எழுதிவிட்டுப் போனதுண்டு. தங்கைமார்க்கு வீடு கட்டுவதற்காகப் படிப்பை விட்ட பையனைச் சோம்பேறி என்பவர் அவன் உள்ளங்கையைப் பார்த்திருக்க மாட்டார்.

இந்நிலையில் ஒரு பையன் பரீட்சையில் தேறி, கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவும் ஆகிவிட்டால் அந்த ஊருக்கு அது பெருமை; வீட்டுக்கு அது இடி. உழைக்கும் கைகளில் இரண்டு குறையும். அதற்கு மேல் மாதந்தோறும் பணமும் அனுப்ப வேண்டும். 1942இல் அஸீஸ் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தது இவ்விடத்திலிருந்துதான். அவர் இடமாற்றம் பெற்றுச் சென்ற பின்னர், ஓர் ஊரின் அளவில் செய்ததை நாடளாவிய முறையில் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தின் விளைவே கொழும்பில் எழுந்த சகாய நிதி.

கல்முனையில் அவர் பெற்றது இதுமட்டுமன்று. காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தரின் நட்பும், காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையின் நட்பும் அங்கே வாய்த்தன. ஆங்கிலத்தில் சிந்தித்து ஆங்கிலத்தில் கோப்பெழுதிப் பழகிய சிவில் சேவை அதிகாரி ஒருவர் தமிழ் எழுத்தாளராக உருவாவதற்கு அந்த மண்ணும் அந்த நட்பும் காரணமாயின. பின்னாளில் 'இலங்கையில் இஸ்லாம்' என்ற நூலும், பயண நூல்களும், அறபுத் தமிழ் பற்றிய ஆய்வுகளும் அவரிடமிருந்து வந்தன. கவிஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: நிதியை உண்டாக்கிய உள்ளமும் தமிழ் எழுதிய உள்ளமும் ஒரே ஊரில், ஏறத்தாழ ஒரே பருவத்தில் விழித்துக்கொண்டன.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். 1945 ஒக்டோபரில் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்துவிட்டது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை. அவ்வாறிருக்க, சில மாதங்களுக்கு முன்னர் தொடங்கப்பட்ட நிதியொன்றுக்கு அதன்பின் என்ன வேலை?

கன்னங்கரா அவர்களின் திட்டம் இந்நாட்டின் ஏழைகளுக்குச் செய்த நன்மைக்கு ஈடு சொல்ல முடியாது. ஆயினும் இலவசமாக்கப்பட்டது வகுப்பறை மட்டுமே. வகுப்பறைக்குப் போய்ச் சேரும் வழி இலவசமாகவில்லை. மட்டக்களப்பிலிருந்து இரவு முழுதும் ஓடும் புகைவண்டிக்குச் சீட்டு வாங்க வேண்டும். கொழும்பில் தங்குமிடத்துக்கு வாடகை வேண்டும். மூன்று வேளை உணவு வேண்டும். மருத்துவம் படிப்பவனுக்கு நூல்களின் விலையே ஒரு வயலின் விளைச்சலை விழுங்கும். சாரத்தோடு ஊரில் திரிந்தவனுக்கு முழுக்காற்சட்டையும் சப்பாத்தும் வேண்டும். இது சிறிய செய்தி போலத் தோன்றும், ஆனால் எத்தனையோ பிள்ளைகள் விரிவுரை மண்டபத்து வாயிலில் தயங்கி நின்றது இதனாலேயே. 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்குச் சென்று விடுதி வாழ்க்கையோடு இணைந்ததாக அமைந்தபோது இச்செலவு இன்னொரு வடிவம் எடுத்தது. கட்டணம் இருந்த காலத்தில் ஏழைப் பிள்ளை வாயிலுக்கு வெளியே நின்றான். கட்டணம் நீங்கிய பின்னர் வாயில் திறந்திருந்தது. அதுவரை நடந்துவரும் வலிமைதான் இல்லை. சகாய நிதி போன்ற அமைப்புகள் அந்த வலிமையைக் கொடுத்தன. தொகை பெரிதன்று. உரிய மாதத்தில் வந்து சேர்ந்ததே அதன் பெறுமதி.

அடுத்து வருவது சற்றுக் கடினமான பகுதி. மார்க்க அறிஞர்கள் அவையிலிருந்தால் பொறுத்தருள்க.

முஸ்லிம் சமூகத்தில் ஏழைக்கென்று ஒதுக்கப்பட்ட பணம் இல்லாமல் இல்லை. ஸக்காத் ஐந்து கடமைகளில் ஒன்று. வரம்பை எட்டிய பொன்னுக்கும் பணத்துக்கும் ஆண்டுக்கு நாற்பதில் ஒரு பங்கு. விளைச்சலில், மழையாலும் ஆற்றாலும் தானே நீர்பாயும் நிலமாயின் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சும் நிலமாயின் இருபதில் ஒன்று. இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ சட்டநெறி நெல்லைப் பற்றி நுட்பமாகவே பேசுகிறது: உமியோடு சேமிக்கப்படும் தானியம் என்பதால், ஏனைய தானியங்களுக்குரிய ஐந்து வஸக்கு அளவைப் போல இருமடங்கு சேர்ந்தாலே கடமையாகும் என்பது அதன் முடிபு. சூடு மிதித்த களத்தில் குவியலை அளக்கும்போதே ஏழையின் பங்கு பிரிந்துவிடும். றமழானில் கொழும்புத் தெருக்களில் வீட்டு வாயில்தோறும் வரிசையாக நின்றவர்களுக்குச் சில்லறை வழங்கப்பட்டது. கொடுத்தவர் கடமை அன்றோடு தீர்ந்தது. பெற்றவரின் பசியும் அன்றைக்குத் தீர்ந்தது. மறுநாளைப் பசி மறுநாள் வந்தது.

இச்சில்லறையெல்லாம் ஒன்றுதிரண்டால் ஒரு தலைமுறையைப் படிப்பிக்கலாமே என்பது எவர்க்கும் தோன்றக்கூடிய எண்ணம். தோன்றியவுடன் கேள்விகள் எழுந்தன. ஸக்காத் பெறுதற்குரியோர் எட்டு வகையினர் என்று குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் வரையறுக்கிறது. மாணவன் அதில் எங்கே வருகிறான்? விளைந்த ஊரின் ஸக்காத்தை அவ்வூர் ஏழையிருக்க வேற்றூருக்கு அனுப்பலாகாது என்பது ஷாபிஈ நெறியின் மேலோங்கிய கருத்து. அவ்வாறாயின் அக்கரைப்பற்று நெல்லின் பங்கு கொழும்பிலுள்ள நிதிக்குப் போகலாமா? கடமையான தொகையைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். நான்காண்டுப் படிப்புக்காக அதைப் பெட்டியில் வைத்திருக்கலாமா?

இக்கேள்விகளை எழுப்பிய உலமாக்களைப் பழைமைவாதிகள் என்று ஒதுக்குவது எளிது, நியாயமன்று. உள்ளூர் விதவையின் பங்கைத் தலைநகரத்துச் செயற்குழு எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற கவலையில் ஆழ்ந்த நீதி இருக்கிறது. நகரத்தார் திட்டங்களால் கிராமத்து ஏழை இழந்தவை கொஞ்சமல்ல. ஆயினும் விடையும் அதே நூல்களுக்குள்ளேயே இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இமாம் நவவி, மத்ரஸாக்களில் ஓதப்படும் தம் 'மின்ஹாஜ்' நூலில், கல்வியில் ஈடுபட்டவனுக்கு உழைப்பு அதற்குத் தடையாகுமாயின் அவன் ஏழையாகவே கொள்ளப்படுவான் என்று விதித்தார். உபரியான வணக்கங்களில் மூழ்கி உழைக்காதிருப்பவனுக்கு அச்சலுகை இல்லை என்றும் அடுத்தே சொல்லிவிட்டார். இவ்விரு விதிகளும் அடுத்தடுத்து நிற்பது வியப்பூட்டுவது. இரவெல்லாம் தொழுபவனுக்கில்லாத உரிமை புத்தகத்தோடு விழித்திருப்பவனுக்கு உண்டு.

உரையாசிரியர்கள் அந்தக் 'கல்வி' என்ற சொல்லை மார்க்கக் கல்வி என்று குறுக்கினர் என்பதையும் மறைக்கலாகாது. அப்படியானால் மருத்துவ மாணவன் என்ன ஆவான்? இங்குதான் இமாம் கஸ்ஸாலி துணைக்கு வருகிறார். 1111இல் மறைந்த அப்பேரறிஞர், மருத்துவமும் கணிதமும் சமூகத்தின் மேல் விழும் கூட்டுக் கடமைகள் என்று 'இஹ்யா'வின் முதற் புத்தகத்திலேயே எழுதினார். ஊரில் ஒருவர் கற்றால் எல்லோர் பாரமும் நீங்கும். ஒருவரும் கல்லாவிடின் எல்லோரும் குற்றவாளிகள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாதிருக்க, எல்லோரும் சட்ட நுணுக்கங்களையே கற்க முண்டியடிக்கின்றனர் என்று அவர் மனம் நொந்ததும் அங்கேயே பதிவாகியுள்ளது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய அம்மனக்குறை 1940களின் கிழக்கு மாகாணத்துக்கு எழுதப்பட்டது போலவே இருக்கிறது. கூட்டுக் கடமையை நிறைவேற்றப் புறப்பட்ட ஒருவனின் உணவைச் சமூகம் தாங்குவது தருமமன்று, தன் பாரத்தைத் தான் சுமப்பதே என்ற வாதம் இங்கிருந்து பிறக்கிறது. பிற்காலத்து அறிஞர் பலர் இப்பக்கமே சாய்ந்தனர். வாதம் முற்றாக ஓய்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை.

கொடையின் பெயர் மாறும்போது பெறுபவனின் மனமும் மாறுகிறது. ஸக்காத் என்றால் அது அவனுடைய உரிமை, கொடுப்பவன் உயர்ந்தவனல்லன். ஸதக்கா என்றால் அது கருணை, கண் தாழும். வட்டியற்ற அழகிய கடனாகிய கர்ளு ஹஸன் என்றால் அது நம்பிக்கை. திருப்பிக் கொடுக்கும் நாள்வரை தோளில் ஒரு பாரம் இருக்கும், ஆனால் முதுகு நிமிர்ந்திருக்கும். கல்வி உதவி செய்யும் அமைப்பெதுவும் இம்மூன்றில் எதைத் தருகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளாவிடின், நல்ல பணத்தைக் கொண்டே பிள்ளையைச் சிறுமைப்படுத்திவிடும். விண்ணப்பத்தை எழுதுபவர் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஊருக்குள் கைநீட்டிப் பழகாத ஒரு கமக்காரர், தம் வறுமைக்குச் சான்று கேட்டுப் பள்ளிவாசல் மரைக்காரிடமும் விதானையாரிடமும் போய் நிற்கிறார். தம் குடிக்குரிய மரைக்கார் தம் சொந்தக்காரராகவே இருப்பார். ஏழையென்று எழுதி வாங்குவதற்கு அவருக்கு எத்தனை நாட்கள் தயக்கம் இருந்திருக்கும்! பரிசளிப்பு விழா நடத்தி, மேடையேற்றி, நிழற்படம் எடுத்து, காசோலையைக் கையில் கொடுக்கும் வழக்கம் பிற்காலத்தில் பல அமைப்புகளுக்குப் பரவியது. கொடுத்தவர் முகம் தெளிவாக விழுந்த அப்படங்களில் பிள்ளையின் முகம் எப்போதும் சற்றுக் குனிந்தே இருக்கும். முகமறியாக் கொடையாகத் தொடங்கிய ஒன்று, பாட்டில்லாத வள்ளல் மரபாகத் திரும்பிவிடும் இடம் இது.

அஸீஸ் 1948இல் சிவில் சேவையை விட்டு விலகி ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். ரீ. பி. ஜாயா 1921 முதல் வளர்த்துத் தந்த கல்லூரி அது. நாட்டின் மிக உயர்ந்த உத்தியோகங்களுக்குச் செல்லும் ஏணியில் பாதிவழி ஏறியவர் தாமாக இறங்கிவந்து பாடசாலை நடத்தியதை அன்று பலர் விளங்கிக்கொள்ளவில்லை. மாதத் தொகை அனுப்பினால் மட்டும் போதாது, பல்கலைக்கழக வாயில்வரை பிள்ளையைக் கொண்டுவரும் பாடசாலையும் வேண்டும் என்பதை நிதியை நடத்திய அனுபவமே அவருக்குக் காட்டியிருக்கக்கூடும். 1961 வரை அவர் அங்கு இருந்தார். அக்காலத்து ஸாஹிறா முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. வடமராட்சிக் கரவெட்டியிலிருந்து வந்த கார்த்திகேசு சிவத்தம்பி அங்கு மாணவராகப் பயின்றார். பின்னர் அங்கேயே ஆசிரியருமானார். தமிழ்த் திறனாய்வு அவருக்குப் பட்டிருக்கும் கடனில் ஒரு பங்கு மருதானைப் பள்ளிவாசல் வளவுக்கும் உரியது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஒரு முஸ்லிம் பிள்ளைக்குச் செய்ததற்கு இது கைம்மாறு என்று எவரும் கணக்கு வைக்கவில்லை. வைக்காததே நல்லது.

1973 நவம்பரில் அஸீஸ் காலமானார். அதே ஆண்டு ஓகஸ்டில் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யா திறக்கப்பட்டிருந்தது. வறுமையில் வளர்ந்து மாணிக்க வணிகத்தால் செல்வந்தரான நளீம் ஹாஜியார் தம் பொருளைக் கொண்டு எழுப்பிய கலாபீடம் அது. மார்க்கக் கல்வியையும் நவீன பாடங்களையும் ஒரே கூரையின்கீழ் கற்பிப்பதை நோக்கமாகக் கொண்டது. அங்கே மீண்டும் சீதக்காதி மரபின் சாயலைக் காணலாம்: ஒரு வள்ளல், ஒரு பெயர், ஒரு பெரும் கட்டடம். சகாய நிதிக்கு அத்தகைய முகம் இல்லை. காட்டுவதற்குக் கட்டடமும் இல்லை. இரண்டும் சமூகத்துக்கு வேண்டியவையே. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. கட்டடத்துக்குப் பொருள் கேட்டால் தனவந்தர் தருவர்; பெயர்க்கல் நிற்கும். ஒரு பையனின் மூன்றாம் ஆண்டு உணவுச் செலவுக்குக் கேட்டால் தயங்குவர். உண்ட சோற்றில் பெயர் பொறிக்க இயலாதன்றோ. நிதி நடத்தியவர்களின் உண்மையான உழைப்பு, இந்தத் தயக்கத்தோடு ஆண்டுதோறும் மல்லுக்கட்டியதிலேயே கழிந்தது.

பெண்பிள்ளைகள் பற்றியும் ஒரு சொல். 1940களில் பல்கலைக்கழகம் சென்ற முஸ்லிம் பெண்கள் மிகச் சிலரே. கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி 1946இல்தான் தொடங்கியது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து மறு ஆண்டு தென்கிழக்குப் பல்கலைக்கழகமான கல்விக்கூடத்தின் வகுப்பறைகளில், தாய்க்கு வீடு மட்டுமே சீதனமாகக் கிடைத்த ஊர்களின் பெண்கள் பெருந்தொகையினராக அமர்ந்தனர். அவர்களுடைய தமையன்மார் சிலர் இன்னும் வீடு கட்டிக்கொண்டுதான் இருந்தனர்; இப்போது மத்திய கிழக்கில் உழைத்த பணத்தைக் கொண்டு. அக்கதையை எழுத வேண்டியவர்கள் இவ்வவையிலேயே இருக்கலாம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல் அஸீஸுக்கு இலக்கியக் கலாநிதிப் பட்டத்தை மறைவுக்குப் பின்னர் வழங்கிச் சிறப்பித்தது. பத்தாண்டுகள் கழிந்து, 1990 ஒக்டோபர் இறுதியில், அவர் பிறந்த வண்ணார்பண்ணையின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளின் ஆணையால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். சோனகர் தெரு ஒரே நாளில் வெறுமையாயிற்று. வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் அவ்வாறு பெயர்ந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் புத்தளத்து மணலில் ஓலைக் கொட்டில்கள் இட்டுத் தங்கினர். நிலமும் கடையும் நகையும் பின்னே நின்றுவிட்டன. பாடசாலைச் சான்றிதழைக்கூடப் பலர் எடுத்துவரவில்லை. அதுவரை ஸக்காத் கொடுத்து வந்த குடும்பங்கள் ஸக்காத் பெறும் பட்டியலில் முதன்முறையாகத் தம் பெயரை எழுத நேர்ந்தது. எழுதும் கை நடுங்கியது. அக்கொட்டில்களில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளைகளிலும் சிலர் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாயினர். அவர்களுக்கும் கட்டணம் எதுவும் இருக்கவில்லை. புத்தளத்திலிருந்து பேராதனைக்குப் பஸ் சீட்டும், மாதம் முழுவதற்குமான சாப்பாட்டுச் செலவும் இருந்தன.